ஊட உரிமையற்ற இருவர்

பாத்ரிஸ் ஷெரோ இயக்கி, 2001இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதைப் பெற்ற 'இன்டிமசி' படத்தைப் பற்றி எங்கள் ஊரான ரோஸ்ஹில்லில் தமிழ் நண்பர்களிடம் பேச்செடுத்தால், "அந்த ஆபாசப் படமா?" என்றுதான் கேட்கிறார்கள். உடலுறவுக் காட்சிகள் அதில் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கண்டு முகம் சுளித்து எழுந்துவிடுகிறவர்கள், தனிமையைப் பற்றி நான் பார்த்தவற்றுள் மிக நேர்மையான படத்தைப் பாதியில் விட்டுவிடுகிறார்களே என்பதே என் வருத்தம்.

லண்டனில் மதுக்கூடமொன்றில் வேலை செய்யும் ஜே, மனைவியையும் இரு மகன்களையும் விட்டு வந்தவன். புதன்கிழமைதோறும் ஒரு பெண் அவனிடம் வருகிறாள். அவன் பெயர் கேட்பதில்லை, அவள் சொல்வதுமில்லை. அலங்கோலமாகக் கிடக்கும் வீட்டின் தரையிலேயே கூடுகிறார்கள். பின் உடுத்திக்கொண்டு போய்விடுகிறாள். எரிக் கோத்தியேயின் ஒளிப்பதிவு அந்த உடல்களுக்கு மெருகேற்றவில்லை. வெளிறிய தோலும் மூச்சிரைப்பும் அவசரமும் உள்ளபடியே தெரிகின்றன.

குறள் ஒப்புவித்தல் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது நாங்கள் இன்பத்துப்பாலைத் தொடுவதேயில்லை. அதன் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. கூடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபித்துக்கொள்வதையும் இன்பத்தின் பகுதியாகவே வள்ளுவர் வைத்தார். ஜேயும் அப்பெண்ணும் இழந்திருப்பது இதைத்தான். அவள் ஒரு வாரம் வராவிட்டால் ஏனென்று கேட்க அவனுக்கு உரிமை கிடையாது. அவன் முகம் வாடினால் தேற்ற வேண்டிய கடமை அவளுக்கும் கிடையாது. ஊடவே முடியாத இடத்தில் உடல் எவ்வளவு நெருங்கினாலும் மனம் வாசலிலேயே நிற்கிறது.

அந்தக் கேள்வியை அவளிடமே கேட்கும் துணிவில்லாமல், ஜே தெருத்தெருவாக அவளைப் பின்தொடர்கிறான். மதுக்கடையோடு சேர்ந்த சிறிய அரங்கில் அவள் நடிப்பதைக் காண்கிறான்; டாக்சி ஓட்டும் அவள் கணவன் ஆண்டியோடு பழகி, தன்னிடம் வரும் ஒரு பெண்ணைப் பற்றி ஜாடையாகப் பேசுகிறான். அவளிடம் காட்டியிருக்க வேண்டிய கோபத்தை ஒன்றுமறியாத கணவனிடம் கொட்டும் இந்த உரையாடல்கள், எந்தப் படுக்கைக் காட்சியையும்விட என்னைக் கூச வைத்தன. கிளேர் என்ற அப்பெண்ணாக நடித்த கெர்ரி ஃபாக்ஸுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. ஆயினும் ஆண்டியாக வரும் திமதி ஸ்பாலின் முகத்தை நம் வீட்டு ஆண்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் மனைவியோடு வாழ்ந்தும், மூவரில் மிகத் தனித்தவர் அவரே.

பெரியவர்கள் மட்டும் கூடும் ஒரு மாலையில் இப்படத்தைத் திரையிட்டு, மறுவாரம் அந்த மூன்று அதிகாரங்களையும் சேர்ந்து படிக்கலாம் என்று எங்கள் வட்டத்தில் கேட்டிருக்கிறேன். தம்பதியராக வருவதானால் இன்னும் நல்லது.