கேக் கடைத் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை

“மத நம்பிக்கைக்கு ஒவ்வாத வாடிக்கையாளரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பலாம், அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2018-இல் சொல்லிவிட்டது” என்று கோலாலம்பூர் வணிகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கொலராடோ கேக் கடைக்காரர் ஒருவர், ஒருபாலின இணையரின் திருமணத்துக்குக் கேக் செய்து தர மறுத்த வழக்கு அது. 7-2 என்ற கணக்கில் அவர் வென்றது உண்மைதான். ஆனால் காரணம் வேறு. புகாரை விசாரித்த மாநில ஆணையத்தில் சிலர் அவருடைய மத நம்பிக்கையை இழிவாகப் பேசினார்கள். விசாரணை நடுநிலையாக இல்லை என்றது நீதிமன்றம். பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை அது ரத்து செய்யவில்லை. மத ஆட்சேபம் இருப்பதாலேயே கடைக்காரர்களுக்குப் பொதுவாக விலக்கு கிடைத்துவிடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2023-இல், ஒருபாலினத் திருமணங்களுக்கு இணையதளம் செய்ய விரும்பாத அமெரிக்க வடிவமைப்பாளர் ஒருவர் அதே நீதிமன்றத்தில் வென்ற வழக்கோ பேச்சுரிமையை வைத்து முடிவானது.

‘இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை’ என்ற விளம்பரங்களைப் படித்து மனம் நொந்த நாமே இதைப் பரப்புவது வேதனையாக இருக்கிறது.

அப்புறம், அமெரிக்கத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. நம் அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு மத, இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அரசியலமைப்பு உரிமைகளைத் தனியாருக்கு எதிராகக் கோர முடியாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது.