கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்

தைப்பூசத்துக்கு மொரீஷியஸின் கோர் து கார்து மலைக் கோயிலுக்குக் குழந்தைகளோடு வருவதைப் பற்றிய இந்த இழையில், மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: "சின்னப் பிள்ளைக்கு எல்லாம் குருத்தெலும்பு. படியில் சோர்ந்தால் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி ஆட்டிக்கொண்டே போகலாம், மூட்டு இளகி நன்றாக வளரும்."

பாதி சரி. பிறக்கும்போது குருத்தெலும்பு கலந்த சுமார் 300 துண்டுகளாக இருப்பவைதான் ஒன்றோடொன்று சேர்ந்து பெரியவர்களுக்கு 206 எலும்புகள் ஆகின்றன. ஆனால் எலும்பு நீள்வது அதன் நுனிகளுக்கு அருகில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் என்ற குருத்தெலும்பு அடுக்குகளில். இழுத்தால் எதுவும் வளராது.

ஆபத்து முழங்கையில். முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸின் தலையை, அதாவது முழங்கைப் பக்க நுனியை, ஒரு வளைய இணைப்புநார் சுற்றிப் பிடித்திருக்கிறது. உள்ளங்கையைத் திருப்பும்போது அந்தத் தலை வளையத்துக்குள் சுழலும். ஐந்து வயதுக்குள் அந்தப் பிடி பலமில்லாதது. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் தலை நழுவிவிடும். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இது சாதாரணமாக நடப்பதுதான். வீக்கம் பெரிதாகத் தெரியாது. பிள்ளை அந்தக் கையை அசைக்காமல், லேசாக மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நாமோ அடம் என்று நினைத்துத் திட்டுவோம்!

மருத்துவர் கையைத் திருப்பி ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். வீட்டில் தைலம் போட்டு உருவ வேண்டாம், எலும்பு முறிவாகவும் இருக்கலாம். ஒருமுறை நழுவினால் மறுபடி நழுவ வாய்ப்பும் உண்டு.

தூக்குவதென்றால் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குங்கள் அண்ணா.