யூனியாவுக்கு மீசை வரைந்த கதை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, பெண்கள் ஞாயிறுக்கு யாரைப் பிரசங்கத்துக்குக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. "யாராவது ஒரு அம்மாவையே கூப்பிடலாமே" என்றேன். சபைப் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்னு பவுலே எழுதிட்டாரே தம்பி" என்று முடித்துவிட்டார். பெண்கள் ஞாயிறுக்கே ஆண் பிரசங்கியார்! அங்கே வாதாடவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பைபிளில், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16-ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. இவரை வாழ்த்துங்கள், அவரை வாழ்த்துங்கள் என்று ஒரே பெயர்ப் பட்டியல். அதில் 7-ஆம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என்று இருவர் வருகிறார்கள். பவுலோடு சிறையில் இருந்தவர்கள், "அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்". (அப்போஸ்தலர் என்றால், நற்செய்தியைப் பரப்ப அனுப்பப்பட்ட ஆதித் தலைவர்கள்.) தமிழில் இருவரையும் சேர்த்து 'அவர்கள்' என்று சொல்லிவிடுவதால், ஒருவர் பெண் என்பது கண்ணில் படுவதே இல்லை. நானே எத்தனையோ வருடம் கவனிக்காமல் வாசித்தவன்தான்.

பழைய கிரேக்கப் பிரதிகளில் எழுத்தின் மேல் அழுத்தக்குறி போடும் வழக்கம் கிடையாது. இந்தப் பெயரில் குறியை ஓரிடத்தில் போட்டால் யூனியா என்ற பெண். இடம் மாற்றிப் போட்டால் யூனியாஸ் என்ற ஆண். கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய பிரசங்கியார் கிறிசோஸ்தோம் 4-ஆம் நூற்றாண்டில் இந்த வசனத்துக்கு விளக்கம் சொல்லும்போது, அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் அளவுக்கு இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு ஞானம் இருந்திருக்க வேண்டும் என்று வியக்கிறார். இத்தனைக்கும் அவர் பெண்களுக்குப் பரிந்து பேசுகிறவர் என்று பெயர் எடுத்தவர் அல்ல.

யூனியா என்ற பெண் பெயர் ரோம் நகரக் கல்வெட்டுகளில் மட்டும் 250 தடவைக்கு மேல் வருகிறது. யூனியாஸ் என்ற ஆண் பெயர் ஒரு கல்வெட்டில்கூட இல்லை. ஆனாலும், உலகம் முழுக்க இறையியல் மாணவர்கள் படிக்கும் புதிய ஏற்பாட்டின் நெஸ்லே கிரேக்கப் பதிப்பில் 1927-இல் ஆண் பெயருக்கான குறி ஏறியது. புதுப் பிரதி எதுவும் கிடைத்து அப்படி மாற்றவில்லை. பெண் எப்படி அப்போஸ்தலர் ஆக முடியும் என்ற நினைப்புதான். அது இறங்க 1998 ஆயிற்று. 71 வருடம் அந்த அம்மாவுக்கு மீசை.

'அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்' என்பதை 'அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்தவர்' என்று படிக்க வேண்டும் என்பாரும் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் பெண் என்று ஒத்துக்கொண்ட பிறகு இந்த வாதம் சூடு பிடித்ததுதான் வேடிக்கை.

சரி, பெரியவர் சொன்ன வசனத்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 14:34, 35. சில பழைய பிரதிகளில் இந்த இரண்டு வசனங்களும் 40-ஆம் வசனத்துக்குப் பிறகு இருக்கின்றன. யாரோ ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பு, படியெடுத்தவர்கள் கையில் இரண்டு இடங்களில் புகுந்துவிட்டது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். வாயே திறக்கக் கூடாதவர்கள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வார்கள்? (பவுலைப் பெண்ணியவாதி ஆக்கும் ஆசை எனக்கில்லை. முக்காடு போடச் சொன்னவரும் அவர்தானே.)

அடுத்து, பெண்கள் உபதேசிக்கக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐ நீட்டுவார்கள். அந்த நிருபம் பவுல் எழுதியதுதானா என்று ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1807-லேயே கேட்டுவிட்டார். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அது பவுலுக்குப் பிந்தியது என்கிறார்கள்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் பேரவை 2023-இல் சேடில்பேக் என்ற மாபெரும் சபையையே வெளியே அனுப்பியது. குற்றம், பெண்ணைப் போதகராக வைத்தது. அவர்கள் கையில் இருந்ததும் இதே தீமோத்தேயு வசனம்தான். நம்ப விரும்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் "ஆதித் திருச்சபையிலிருந்தே இப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ரோமர் 16-இன் முதல் வசனத்தில் வரும் பெபேயாளுக்குப் பவுல் போட்ட பட்டத்திலிருந்துதான் நம்முடைய 'டீக்கன்' என்ற சபைப் பதவியின் பெயர் வந்தது. பிலிப்பியருக்கு எழுதும்போது அந்தச் சொல் தமிழில் 'உதவிக்காரர்' என்ற பதவி. இந்த அம்மாவுக்கு வெறும் 'ஊழியக்காரி'.

நேற்று பெரியவருக்குப் போன் பண்ணி, பெண்கள் ஞாயிறன்று ரோமர் 16-ஐ வேதபாடமாக வாசிக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா. பெண்களே வாசிக்கட்டும்" என்றார்.