டாங்கியைக் கைவிட்டது அமெரிக்கத் தரைப்படை அல்ல

"உக்ரைனில் டிரோன்களிடம் டாங்கிகள் படும் பாட்டைப் பார்த்து அமெரிக்க ராணுவமே டாங்கியைக் கைவிட்டுவிட்டது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தவறு. கைவிட்டது, கடல்வழி சென்று கரையிறங்கிப் போரிடும் மரைன் படை. தரைப்படை வேறு, மரைன் படை வேறு. அந்த முடிவு வெளியானது 2020 மார்ச்சில், டேவிட் பெர்கர் மரைன் தளபதியாக இருந்தபோது. ரஷ்யாவின் முழுப் படையெடுப்போ 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது. பிறகு வந்த போர் எப்படிக் காரணமாகும்?

மரைன்கள் மனதில் இருந்தது சீனா. பசிபிக் தீவுகளில் சிறு குழுக்களாகப் பரவி, கரையிலிருந்து ஏவுகணையால் கப்பல்களைத் தாக்குவதே இனித் தங்கள் வேலை என்று கணித்தார்கள். அதற்கு 60 டன்னுக்கு மேல் கனக்கும் ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க டாங்கி வெறும் சுமை.

தரைப்படை செய்தது வேறு. 2023 செப்டம்பரில், ஆப்ராம்ஸுக்குத் திட்டமிட்டிருந்த மேம்பாட்டை நிறுத்திவிட்டு, எடை குறைந்த எம்1இ3 டாங்கியை உருவாக்கப்போவதாக அறிவித்தது. உக்ரைனின் அண்டை நாடான போலந்து 2022-இல் 250 ஆப்ராம்ஸுக்கும் 180 தென்கொரிய கே2 டாங்கிகளுக்கும் ஒப்பந்தம் போட்டது. கைவிடுகிறவர்கள் இப்படி வாங்குவார்களா?

டிரோன் ஆபத்து உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1973 அக்டோபரில் நடந்த அரபு-இஸ்ரேல் போரில், சினாய் பாலைவனத்தில் எகிப்தியக் காலாட்படையின் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளை எரித்தபோதும் டாங்கியின் காலம் முடிந்தது என்ற பேச்சு கிளம்பியது. இஸ்ரேலோ காலாட்படையையும் பீரங்கியையும் டாங்கிக்குத் துணையாக அனுப்பப் பழகியது. 1979-இல் தன் சொந்த டாங்கியான மெர்காவாவைப் படையில் சேர்த்தது.