ஐ.பி. கொடுத்த பிறகுதான் கதையே

பல்லடம் பக்கம் ஒருத்தர் ஐ.பி. (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு) கொடுத்துவிட்டார் என்றால் டீக்கடையில் ரெண்டே பேச்சுதான். “ஊர்ப் பணத்தைத் தின்னுட்டு மஞ்ச நோட்டீஸ் விட்டுட்டான்” என்பார்கள். இல்லையென்றால் “கொடுத்துவெச்சவன், தப்பிச்சான்”. என் சித்தப்பா 2013ல் கொடுத்தார். ஊரையும் ஏமாற்றவில்லை, இன்றுவரை தப்பிக்கவும் இல்லை.

எட்டுத் தறி. கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் சொந்தமாக நூல் வாங்கி ஓட்ட ஆசைப்பட்டார். நூல் விலை ஏற, கோராத் துணி தேங்க, வட்டி கட்ட வட்டிக்கு வாங்கி... இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். சப் கோர்ட்டில் கடன்காரர் பட்டியலோடு மனுப் போட்டார். 2015ல் ‘இன்சால்வென்ட்’, அதாவது திவாலானவர், என்று உத்தரவு வந்தது. அந்த நகலைச் சித்தியின் முகூர்த்தப் பட்டு வந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தார். கடன் கேட்டு யார் வந்தாலும் கவரை எடுத்துக் காட்டுவார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார். நாங்களும்தான்.

சென்னைக்கு வெளியே இன்னமும் ஓடுவது 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புநிலைச் சட்டம். (2016ல் வந்த புதுத் திவால் சட்டத்தில் தனிநபருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தறிக்காரனுக்கு வெள்ளைக்காரன் சட்டமே போதும் போல.) அந்த 1920 சட்டப்படி உத்தரவு வந்ததும் சொத்தெல்லாம் கோர்ட் கைக்கோ கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். கோர்ட் அனுமதியில்லாமல் கடன்காரர் வழக்குப் போட முடியாது. ஆனால் அதே உத்தரவில் ஒரு கெடுவும் எழுதியிருக்கும்: இத்தனை நாளைக்குள் ‘டிஸ்சார்ஜ்’ கேட்டு மனுப் போட வேண்டும். டிஸ்சார்ஜ் வாங்கினால்தான் கடனிலிருந்து விடுதலை. கெடுவை விட்டால் 43ஆம் பிரிவில் உத்தரவையே ரத்து செய்துவிடுவார்கள். சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் இருந்த அந்த வரியை வீட்டில் ஒருத்தரும் படிக்கவில்லை. வக்கீலும் ஞாபகப்படுத்தவில்லை. 2019ல் ரத்து. இதைவிடக் கொடுமை 78ஆம் பிரிவு. உத்தரவுக்கும் ரத்துக்கும் நடுவே போன காலத்தை, கோர்ட்டில் தன் கடனை நிரூபித்திருந்த கடன்காரர், வழக்குப் போடத் தனக்கு இருக்கும் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கடன் காலாவதியாகிவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த அந்த நாலு வருஷம் அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

இதற்கு நடுவில் 2018ல் தங்கச்சி கல்யாணம். மண்டபத்தில் நான்தான் மொய் எழுத உட்கார்ந்திருந்தேன். வட்டிக்குக் கொடுத்தவர் ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். 101 ரூபாய் மொய் வைத்தார். என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கவரும் பைக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்ததும் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி பேச வேண்டாம்னு பாக்கறனுங்ணா” என்றார். அவ்வளவுதான். சமையல்கட்டுக்குப் பின்னால், அண்டா கழுவும் இடத்தில், அவர் கையோடு கொண்டுவந்திருந்த புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் சித்தப்பா கையெழுத்துப் போட்டார். ஐ.பி. பட்டியலில் இருந்த பழைய கடன் அங்கேயே புதுக் கடனாகிவிட்டது.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். ‘மனசாட்சிக்காகவாவது ஒரு நோட்டு எழுதிக் குடு’ என்று வருகிறவரிடம் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். காலாவதியான கடனுக்குக்கூடப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி அது செல்லும். கேட்டு வருகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். வாங்கியவன் கொடுக்கத்தானே வேண்டும் என்பீர்கள். கொடுக்கட்டும். இருக்கிற தறியையும் இடத்தையும் விற்று எல்லோருக்கும் பங்கு பிரிக்கத்தானே ரிசீவர்? மண்டபத்துக்கே வந்து உட்காரத் தெரிந்தவருக்கு முழுப் பணம், அதெல்லாம் தெரியாத நூல்கடைக்காரருக்கு நாமமா?

ஐ.பி. எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதும் உண்மை. அடமானம் வாங்கிய பேங்க் அடமானத்தின் மேல் கை வைக்கலாம். டிஸ்சார்ஜே கிடைத்தாலும் ஜாமீன் போட்டவருக்கு விடுதலை இல்லை. சித்தி ஒரு பைனான்ஸில் அப்படிப் போட்டிருந்தார், அந்த போன் இன்னும் வருகிறது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியாயிற்று. குடும்பத்தாரை மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அன்றைக்கு மண்டபத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

டிஸ்சார்ஜ் கேட்காமல் ரத்தானவர் மறுபடி ஐ.பி. போட அதே கோர்ட்டின் அனுமதி வேண்டும். அந்த மனுவைப் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை கெடுத் தேதியை தினக்காலண்டரில் நானே சிவப்பு மையில் எழுதப்போகிறேன்.

நேற்று விடிகாலை ஆறே முக்காலுக்குச் சித்தியின் போன் அடித்தது. சித்தப்பா எடுத்தார். “எட்டு மணிக்கு மேல கூப்புடு கண்ணு” என்று சொல்லி வைத்துவிட்டு, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினார்.