ரூசோ சொன்னது ‘விட்டுவிடு’ அல்ல

“லாக் அடித்து வளர்க்கச் சொன்னார், ரூசோ குழந்தையை அதன் போக்கில் விடச் சொன்னார், பிளேக் அதைக் கவிதையாக்கினார்” என்று குழந்தை வளர்ப்பைப் பற்றிய ஒரு பதிவில் படித்தேன். மூன்றுமே தவறு.

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் 1693 கல்வி நூல் பிரம்படிக்கு எதிரானது. பிடிவாதமான கீழ்ப்படியாமைக்கு மட்டும்தான் விலக்கு. எழுத்தைக்கூட விளையாட்டாகக் கற்பிக்கச் சொல்கிறார்: 24 அல்லது 25 பக்கமுள்ள தந்தப் பந்தில் முதலில் நான்கே எழுத்து, வேண்டுமானால் இரண்டே எழுத்து ஒட்டி உருட்ட வேண்டும்; அவை பழகிய பிறகே அடுத்தது. (தினமும் குளிர்ந்த நீரில் கால் கழுவு, தண்ணீர் புகும் மெல்லிய செருப்புப் போடு என்பதும் அதே நூல்தான்!)

பிரெஞ்சில் எழுதிய சிந்தனையாளர் ரூசோவின் ‘எமீல்’ (1762), அதாவது எமீல் என்ற கற்பனைச் சிறுவனின் கல்வியைச் சொல்லும் நூலைப் படித்தவர் யாரும் ‘சுதந்திரம்’ என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். ஆசிரியருக்கு ரூசோ சொல்வது இது: பையன் ஜன்னலை உடைத்தால் திட்டாதே. குளிர்காற்றில் கிடக்க விடு. திரும்ப உடைத்தால் ஜன்னலில்லாத இருட்டறையில் பூட்டு. தானே எஜமான் என்று பையன் நம்ப வேண்டும், கயிறு ஆசிரியர் கையில். திரைமறைவுக் கட்டுப்பாடு என்றால் அதுதான். எமீலுக்கு மனைவியாக வளர்க்கப்படும் சோஃபிக்கு அந்தச் சலுகையும் இல்லை. அவள் கல்வி கணவனுக்காக.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கோ ரூசோவை இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரோடு சேர்த்து நேரடியாகவே கேலி செய்தவர். பிறக்கும்போது மனம் எதுவும் எழுதப்படாத ‘வெற்றுத்தாள்’ என்ற லாக்கின் கருத்தும் அவருக்கு ஆகாது. மனிதன் எல்லாவற்றையும் பிறக்கும்போதே கொண்டுவருகிறான் என்பது அவர் கட்சி. கோடைக் காலையில் பள்ளிக்குப் போகும் சிறுவனைப் பற்றிய அவர் கவிதை முதலில் 1789 ‘மாசின்மைப் பாடல்கள்’ தொகுப்பில் இருந்தது, பின்னால் அவரே அதை ‘அனுபவப் பாடல்கள்’ தொகுப்புக்கு மாற்றினார்.