முப்பத்தஞ்சரைக்கு அரை நூல் கம்மி

(புதுச்சேரி, முதலியார்பேட்டை. கடலூர் ரோட்டை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் ஒரு தையல் கடை. டெய்லர் ஏழுமலை கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பேண்ட் பிட்டோடு வந்து நிற்கிறார் தட்சிணாமூர்த்தி. அரசு ஊழியர், அசல் புதுச்சேரிக்காரர். அதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மற்றபடி சாப்பாடு இறங்குவதில் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை.)

தட்சிணா: ஏழுமல, நவம்பர் ஒண்ணாந்தேதிக்குள்ள பேண்ட் கைக்கு வந்துடணும். விடுதலை நாள்.

ஏழுமலை: ஆகஸ்ட் பதினஞ்சுக்குத்தானணா ஒண்ணு தச்சிக் குடுத்தேன்?

தட்சிணா: அது உங்களுக்கு. எங்களுக்கு 1954 நவம்பர் 1. கீழூர்ல மக்கள் பிரதிநிதிங்க 178 பேர் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரலாம்னு சொன்னதுக்கு அப்புறம்தான் சேர்ந்தோம். நீங்கள்லாம் தானா சேர்ந்தவங்க. நாங்க யோசிச்சி சேர்ந்தவங்க.

ஏழுமலை: சரிணா. கைய தூக்குங்க, அளவு எடுக்கறேன்.

தட்சிணா: அளவு இன்னாத்துக்கு? முப்பத்தி நாலு. இருபது வருஷமா அதான். எழுதிக்க.

ஏழுமலை: பேண்டு முப்பத்தி நாலுதாணா. பேண்டு நிக்கற எடம்தான் வருஷா வருஷம் கீழ எறங்கிக்கினே போவுது. முன்னல்லாம் தொப்புளுக்குப் பக்கத்துல கட்டுவீங்க, ஏழு இஞ்ச் ஜிப்பு வச்சேன். இப்ப வயித்துக்கு அடியில கட்டறீங்க, அஞ்சு இஞ்ச் வச்சாலே இடிக்குது. பட்டிய நேரா வச்சித் தச்சா முன்னால மடங்கிக்கும். அதனால முன்பக்கம் முக்கா இஞ்ச் எறக்கி வெட்டி, பின்பக்கம் ஏத்தி, சாய்வா வச்சித் தைக்கறேன். சட்டையில முன்பக்கம் மட்டும் ஒரு இஞ்ச் நீளம் கூட விடறேன், இல்லன்னா தூக்கிக்கும். இத்தன வேலையும் நீங்க வெளிய போயி முப்பத்தி நாலுன்னு சொல்றதுக்குத்தான்.

தட்சிணா: மெதுவா பேசு, ரோட்டுக்குக் கேக்குது.

ஏழுமலை: பெல்ட்ட வேற இறுக்கறீங்க. தொடை வெளிப்பக்கம் எரியுதா, மரத்துப் போவுதா?

தட்சிணா: ஆமா! உனக்கு எப்பிடித் தெரியும்? சர்க்கரையோன்னு பயந்துக்கினு இருக்கேன்.

ஏழுமலை: சர்க்கரையாவும் இருக்கலாம், அது டாக்டர் பாத்துச் சொல்லணும். ஆனா தொடைக்குப் போற நரம்பு ஒண்ணு இடுப்பெலும்புகிட்ட வருது. மேல வயிறு அமுக்க, கீழ பெல்ட்டு நெரிக்க, நடுவுல மாட்டிக்கினா இப்பிடி ஆவும். ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டுப் பாருங்க. போன மாசம் இந்தத் தெருவுல முகாம் போட்டாங்கல்ல, நர்ஸம்மா என் கடையிலதான் சேர் போட்டு உக்காந்தாங்க. நாள் பூரா கேட்டுக்கினே தச்சேன். டேப்பு கூட என்னுதுதான். வாங்க, அவங்க எடுத்த மாதிரி எடுத்துக் காட்டறேன்.

(தட்சிணாமூர்த்தி கடைக்கு வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து விடுகிறார்.)

ஏழுமலை: சட்டைய தூக்குங்க, துணி மேல எடுத்தா கணக்கு தப்பும். காலு ரெண்டும் கொஞ்சம் அகட்டி வையுங்க. பக்கவாட்டுல கடைசி விலா எலும்பு எங்க முடியுதுன்னு தடவிப் பாருங்க.

தட்சிணா: விலா எலும்பா? அதப் பாத்து ரொம்ப நாளாச்சி.

ஏழுமலை: நானே கண்டுபுடிக்கறேன். இது விலா. இது இடுப்பெலும்போட மேடு. ரெண்டுக்கும் நட்டநடுவுல டேப்பு. பின்னாடி ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது, இறுக்கவும் கூடாது. மூச்ச சாதாரணமா வெளிய விடுங்க.

தட்சிணா: உட்டுட்டேன்.

ஏழுமலை: விடலணா. மூஞ்சி செவக்குது.

தட்சிணா: உட்டுட்டேன்றேன்ல!

ஏழுமலை: விட்டவங்களால பேச முடியும்ணா, நீங்க மூக்காலயே பேசறீங்க... ஆங், இப்ப விட்டீங்க. டேப்பு கையிலேந்து நாலு விரக்கடை ஓடிப் போச்சு. நாப்பத்தி மூணு.

தட்சிணா: இஞ்ச்ல பாக்காத. அது வெள்ளக்காரன் அளவு. எங்களுக்கு மீட்டர்தான். மீட்டர உலகத்துக்குக் குடுத்ததே பிரெஞ்சுக்காரன், தெரியுமா?

ஏழுமலை: தாராளமா. டேப்ப திருப்பறேன். நூத்தி ஒம்போது சென்டிமீட்டர்.

தட்சிணா: ...இஞ்சே இருக்கட்டும்.

ஏழுமலை: ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர் தொட்டாலே தொப்பைதான்னு கணக்கு. இஞ்ச்ல சொன்னா முப்பத்தஞ்சரைக்கு அரை நூல் கம்மி, ஒரு நூல்னா அரைக்கால் இஞ்ச். பொம்பளைக்கு 80, அதாவது முப்பத்தொன்னரை. நீங்க தனி ஆளு இல்லணா, கவலப்படாதீங்க. 2023-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஐசிஎம்ஆர் இண்டியாப்னு ஒரு ஆய்வு வந்துச்சு. நாடு முழுக்க 1,13,043 பேர அளந்தாங்க. வயிறு பெருத்தவங்கள்ல இந்தியாவுலயே முதலிடம் யாரு தெரியுமா?

தட்சிணா: யாரு?

ஏழுமலை: புதுச்சேரி. நூத்துக்கு 61.2.

தட்சிணா: (நிமிர்ந்து) முதலிடமா?

ஏழுமலை: உடம்பு எடையிலயும் நீங்கதான். 53.3.

தட்சிணா: ரெண்டுலயுமா! ஏழுமல, 61.2-ன்னா தனிப்பெரும்பான்மைடா. முப்பது தொகுதியில பதினெட்டு. கூட்டணியே தேவையில்ல.

ஏழுமலை: பெருமைப்படற விஷயம் இல்லணா. எடைய கிலோவுல எடுத்து, உயரத்த மீட்டர்ல போட்டு ரெண்டு தடவ வகுக்கணும். 25 வந்தா உடல்பருமன். அஞ்சடி ஆறு அங்குலம்னா எழுபது கிலோ. நீங்க?

தட்சிணா: எம்பத்தி நாலு. காலையில, வெறும் வயித்துல, பேண்ட் இல்லாம.

ஏழுமலை: கிட்டத்தட்ட முப்பது வருது.

தட்சிணா: அத வுடு. சர்க்கரையில யாரு ஃபர்ஸ்ட்?

ஏழுமலை: கோவா. 26.4.

தட்சிணா: நாங்க?

ஏழுமலை: 26.3.

(இங்கே தட்சிணாமூர்த்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தேர்தலில் சொற்ப ஓட்டில் தோற்றவர்கள் கூட இவ்வளவு வாடியதில்லை.)

தட்சிணா: பாயிண்ட் ஒண்ணா! மறு எண்ணிக்க கேக்கலியா எவனும்?

ஏழுமலை: அது நோய்ணா. தோக்கறதுதான் நல்லது. நாட்டோட சராசரியே 11.4-தான்.

தட்சிணா: உனக்குப் புரியாது. 1987-ல கோவாவுக்கு மாநில அந்தஸ்து குடுத்தாங்க. எங்க சட்டசபையில எத்தன தீர்மானம் போட்டும் எங்களுக்கு இல்ல. இப்ப சர்க்கரையிலயும் அவன மேல வச்சிட்டாங்க. இது மாற்றாந்தாய் மனப்பான்மை இல்லாம இன்னா?

ஏழுமலை: சர்க்கரைக்கும் மாநில அந்தஸ்துக்கும்...

தட்சிணா: மாநிலமாயிருந்தா முந்தியிருப்போம். அதோட, எங்க நம்பர் ஏன் ஜாஸ்தின்றதுக்கு நியாயமான காரணம் இருக்கு. 1823-லயே பிரெஞ்சுக்காரன் மருத்துவப் பள்ளி ஆரம்பிச்ச ஊரு இது. அதுதான் இன்னிக்கு ஜிப்மர். பாக்க டாக்டர் இருக்கான், கண்டுபுடிக்கறான், கணக்குல வருது. மத்த ஊர்ல டாக்டரே இல்ல, அதனால நோயும் இல்ல.

ஏழுமலை: நல்ல வாதம்ணா. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள எண்ணல. வீடு வீடா போயி, வெறும் வயித்துல விரல்ல குத்தி எடுத்து, குளுக்கோஸ் கரைச்சிக் குடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சி மறுபடி குத்தினாங்க. எல்லா மாநிலத்துலயும் ஒரே முறைதான். அதோட ஜிப்மர் மத்திய அரசோடது.

தட்சிணா: எடம் எங்களுது! கடலூர்லேந்து விடியக்காலையில பஸ் புடிச்சி வந்து வரிசையில நிக்கறது யாரு?

ஏழுமலை: நிக்கறோம். அதே ரோட்ல சாயங்காலம் வேற வேலைக்கும் வர்றோம். அத மறைக்கல.

தட்சிணா: அங்கதான் எனக்கு வயித்தெரிச்சல்! சனிக்கிழம முள்ளோடை எல்லை தாண்டி வந்து குடிக்கறவன் உங்க ஊர்க்காரன். தொப்பை மட்டும் எங்க கணக்குல ஏறுது.

ஏழுமலை: ஏறாதுணா, குடியிருக்கறவங்களத்தான் அளந்தாங்க. அப்பறம் குடிக்கறது நாங்க மட்டுமா? 650 மில்லி பீர்ல சுமாரா முன்னூறு கலோரி. அஞ்சாறு இட்லிக்குச் சமம். பீர மட்டும் யாரும் குடிக்கறதில்ல, கூட மிக்சரு, சில்லி சிக்கன், முடிச்சிட்டு ரெண்டு பரோட்டா. மிலிட்டரி சரக்கு, வெளிநாட்டுச் சரக்குன்னு மாத்தினாலும் கலோரி மாறாது. போறபோது குடிச்சது ஆறிடுச்சின்னு முள்ளோடையில போலீஸ ஏமாத்தலாம், வயித்த ஏமாத்த முடியாது.

தட்சிணா: நான் தெனமும் பீச் ரோட்ல வாக்கிங் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிய நிறுத்திடுவான், ரோடு முழுக்க நமக்கு. எந்த ஊர்ல இருக்கு இந்த வசதி?

ஏழுமலை: வசதி பெரிய வசதிதான். எப்பிடி நடக்கறீங்க?

தட்சிணா: பேரிகேட் பக்கத்துலயே ஸ்கூட்டர போட்டுட்டு, காந்தி சிலை வரைக்கும் போவேன். நண்பர்கள் வருவாங்க. உக்காந்து பேசுவோம். சுண்டல், ரெண்டு பஜ்ஜி, ஒரு ஐஸ்கிரீம்.

ஏழுமலை: ரோடு முழுக்கவே ஒன்றரை கிலோமீட்டர்தாணா. அத வேகமா நடந்தாலும் நூறு கலோரிக்கு மேல தேறாது. நீங்க அதுல பாதி தூரம் போயி மூணு மடங்கு சாப்புட்டுத் திரும்பறீங்க. அந்த ரோட்ல தொப்பை இல்லாம நிக்கறது காந்தி ஒருத்தர்தான். நர்ஸம்மா சொன்ன கணக்கு: பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகத்துல அர மணி நேரம். வாரத்துல அஞ்சு நாள்.

தட்சிணா: நான் சாதாரணமா நின்னாலே பாட முடியாது.

ஏழுமலை: சர்க்கரை டெஸ்ட்டாவது எடுக்கறீங்களா?

தட்சிணா: எடுக்காம? அதுக்கு ஒரு முறை வச்சிருக்கேன். டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னாடிலேந்து சோத்தையே தொடமாட்டேன். பாவக்கா ஜூஸு, வெந்தயம். நாலாம் நாள் காலையில போய் குடுப்பேன். 112 வந்தது. பாஸ்!

ஏழுமலை: நூறுக்குக் கீழ இருந்தாத்தான் பாஸு. 126 வந்தா சர்க்கரை. நீங்க கன்னியக்கோயில் தாண்டி, முள்ளோடைக்கு இந்தப் பக்கம் நிக்கறீங்க. அதுவும் மூணு நாள் பத்தியம் இருந்து. எச்பிஏ1சி எடுங்க. ரத்தத்துல செவப்பணு சுமாரா 120 நாள் இருக்கும், அதுல ஒட்டியிருக்கற சர்க்கரையப் பாப்பாங்க. ரெண்டு மூணு மாசத்து சராசரி வந்துடும். மூணு நாள் பாவக்கா அதுகிட்ட செல்லாது. 5.7-க்குக் கீழ நல்லது, 6.5-ம் அதுக்கு மேலயும் சர்க்கரை. சாப்புட்டுட்டே போலாம்.

தட்சிணா: ஏமாத்தவே வழியில்லாம ஒரு டெஸ்ட்டா?

ஏழுமலை: ரத்தசோகை இருந்தா அந்தக் கணக்கு தப்பும். உங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கற மாதிரி தெரியல.

(தட்சிணாமூர்த்தி சட்டென்று டேப்பைப் பிடுங்குகிறார். கேள்வி பலமாகும்போது எதிர்க்கட்சியை அளப்பது நம் பொதுவாழ்வில் பழைய வழக்கம்.)

தட்சிணா: எழுந்திரு. விலா எங்க? மூச்ச உடு. உடுறா! ...முப்பத்தி ஏழு! திருப்பு, 94 சென்டிமீட்டர். தமிழ்நாடும் எல்லை தாண்டியாச்சி!

ஏழுமலை: உக்காந்த வேலைணா. காலால மிதிக்கற மிஷினா இருந்தப்ப முழங்காலாவது ஆடிச்சி. மோட்டர் போட்டதுலேந்து கட்டவெரல் மட்டும்தான் வேல செய்யுது. எங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம்னு பி.பி. மாத்திர, சர்க்கரை மாத்திர வீட்டுக்கே வருது.

தட்சிணா: மாத்திர வீடு தேடி வர்றது ஒரு பெருமையா?

ஏழுமலை: சர்க்கரையில செகண்டு வந்தத விட தேவலாம்ணா. சரி, ஒரு சிக்கல். துணி பத்தாது.

தட்சிணா: எப்பவும் இதான வாங்குவேன்? ஒண்ணு இருபது மீட்டர்.

ஏழுமலை: நீளம் போதும், அகலம் பத்தல. துணி அகலம் 58 இஞ்ச். ரெண்டா மடிச்சா 29. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சி வெட்டணும். உங்க சீட்டு, அதான் பின்பக்கச் சுத்தளவு, 46. அதுக்கு 30 வேணும். ஒரு இஞ்ச் இடிக்குது. கால் பக்கம் மிஞ்சற துணி பட்டிக்கும் பாக்கெட்டுக்கும் போயிடும். கவுட்டுல சின்னதா ஒட்டு போட்டாத்தான் ஆவும். இதே சாம்பல் கலர்ல துண்டு ஒண்ணு இருக்கு, மஞ்சக்குப்பத்து ஆளு ஒருத்தருக்கு வெட்டினதுல மிஞ்சினது.

தட்சிணா: புதுச்சேரி பேண்டுல தமிழ்நாட்டுத் துண்டா? அதுவும் விடுதலை நாளுக்கா?

ஏழுமலை: உங்க பிரதேசமே அப்பிடித்தானணா தச்சிருக்கு. விழுப்புரம் ரோட்ல போங்க. வில்லியனூர் உங்களுது, கண்டமங்கலம் எங்களுது, திருபுவனை மறுபடி உங்களுது. யாராவது தையல் தெரியுதுன்னு சொன்னாங்களா?

தட்சிணா: (யோசித்து) ஒட்டுக்குத் தனிக் கூலியா?

ஏழுமலை: அம்பது ரூபா.

தட்சிணா: மஞ்சக்குப்பத்துல எவ்ளோ வாங்குவ?

ஏழுமலை: அங்க முப்பதுதான்ணா. கடை வாடகை கம்மி.

தட்சிணா: அப்ப ஒட்ட மட்டும் ராத்திரி அங்க எடுத்துக்கினு போயி தச்சிக்கினு வந்துடு.